மஸ்கரீன் தீவுகள்: டோடோவையும் கரும்புத் தோட்டத்தையும் ஏன் தனித்தனியாகப் படிக்கிறோம்?

தென்கடல்:

போன ஆண்டு வேலை நிமித்தமாக மொரிஷியஸில் மூன்று வாரம் இருந்தேன். விமான நிலையத்திலிருந்து போகும் வழியெல்லாம் கரும்பு. அந்தக் கரும்புக்கு நடுவே, வயலுக்கு வயல், ஆளுயரத்துக்கு மேலாகக் கறுப்புக் கல் குவியல்கள். சில இடங்களில் படிப்படியாக அடுக்கி, கோயில் பீடம் போலவே நிற்கின்றன. வண்டி ஓட்டியவரிடம் கேட்டேன். "எரிமலைக் கல். நிலத்தைத் திருத்தும்போது பொறுக்கி அடுக்கியது" என்றார். யார் பொறுக்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இந்தத் தீவுகளைப் பற்றித் தமிழில் வருவது பெரும்பாலும் இரண்டு வகை. பறக்கத் தெரியாத டோடோ அழிந்த கதை ஒன்று. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம் மக்களின் கதை மற்றொன்று. முதலாவது அறிவியல் பக்கத்தில் வரும், இரண்டாவது வரலாற்றுப் பக்கத்தில் வரும். இரண்டும் நடந்தது ஒரே மண்ணில், ஒரே எரிமலைக் கல்லின் மேல். சேர்த்துப் பேசிப் பார்க்கலாமே என்றுதான் இந்த இழை.

அடிப்படைத் தகவல் மட்டும் நான் தருகிறேன். மஸ்கரீன் என்பது மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள மூன்று முக்கியத் தீவுகள்: ரெயூனியன் (சுமார் 2,500 சதுர கி.மீ.), மொரிஷியஸ் (1,865), ரோட்ரிக்ஸ் (108). மூன்றும் எரிமலையால் பிறந்தவை. அரபு மாலுமிகளுக்கு இவை இருப்பது தெரிந்திருந்தது, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்து போனார்கள். யாரும் குடியேறவில்லை. 1598இல் டச்சுக்காரர்கள் மொரிஷியஸில் இறங்கி, அதற்குத் தங்கள் இளவரசர் மொரிஸின் பெயரை வைத்தார்கள். 1638இல்தான் முதல் குடியிருப்பு. அதாவது, இங்கே ஆதிகுடிகள் என்று யாருமே இல்லை. மனிதன் கால் வைத்த நாள் முதல் நடந்ததில் பெரும்பகுதி யாரோ ஒருவரின் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. உலகில் இப்படிப்பட்ட இடங்கள் குறைவு.

பசால்ட்:

நல்ல இழை. கல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அது என் துறை.

ரெயூனியனுக்கு அடியில் பூமியின் ஆழத்திலிருந்து சூடான பாறைக்குழம்பு மேலெழும் ஓர் ஊற்று இருக்கிறது. 'வெப்பப்புள்ளி' என்போம். ஊற்று ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும், அதன் மேலே கண்டத்தட்டு நகர்ந்துகொண்டே போகும். அதனால் கடலடியில் வரிசையாகத் தழும்புகள் விழுகின்றன. அந்தத் தழும்புகளின் ஆரம்பம் எங்கே தெரியுமா? நம் தக்காணத்தில். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு இதே ஊற்றின் மேல் இருந்தபோது கொட்டிய லாவாதான் இன்றைய மகாராஷ்டிரத்தின் கறுப்புப் பாறை. அஜந்தா, எல்லோரா குகைகள் குடையப்பட்டது அதில்தான். அப்புறம் இந்தியா வடக்கே நகர நகர, லட்சத்தீவுகளுக்கும் மாலத்தீவுக்கும் சாகோஸுக்கும் அடியில் உள்ள எரிமலை முகடுகள் ஒவ்வொன்றாக உருவாயின. மேலே நாம் பார்ப்பது பவளம். கீழே இருப்பது அதே குடும்பத்துக் கல். கடைசியாக, ஊற்று ஆப்பிரிக்கத் தட்டுக்கு அடியில் வந்தபின், சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மொரிஷியஸ் பிறந்தது. ரெயூனியன் கடலுக்கு மேலே தலைகாட்டியது சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

ஆகவே தென்கடல் பார்த்த அந்தக் கல் குவியலுக்கும் எல்லோராவுக்கும் ஊற்று ஒன்றுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2017இல் மொரிஷியஸ் எரிமலைப் பாறைக்குள் 300 கோடி ஆண்டு பழைய சிர்க்கான் படிகங்கள் கிடைத்ததாக ஆய்வு வெளியானது. தீவின் வயதோ ஒரு கோடியைக்கூட எட்டவில்லை. மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தபோது கிழிந்து விழுந்த பழைய கண்டத்துண்டு ஒன்று அடியில் புதைந்திருக்கிறது, லாவா மேலே வரும்போது அதிலிருந்து துணுக்குகளை அள்ளி வந்திருக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

வானம்பாடி:

அருமை பசால்ட் ஐயா. எனக்கு ஒரு சந்தேகம். டோடோவை டச்சு மாலுமிகள் அடித்துத் தின்றே அழித்தார்கள் என்றுதான் பள்ளியில் படித்தோம். அது போனபின் ஒரு மரமும் முளைக்காமல் போனது, அதன் வயிற்றில் போய் வந்தால்தான் விதை முளைக்கும் என்றும் படித்தேன். இரண்டும் சரியா?

மரகதப்புறா:

வானம்பாடி, இரண்டுமே முழுச் சரியில்லை.

மாலுமிகள் தின்றது உண்மை. ஆனால் டச்சுக் குடியிருப்பில் எப்போதும் சில நூறு பேருக்கு மேல் இருந்ததில்லை, தீவு முழுக்க அடர்ந்த காடு. தின்றே தீர்க்க அவர்களால் முடிந்திருக்காது. அவர்களோடு இறங்கிய எலி, பன்றி, குரங்குதான் பெரிய எதிரி. டோடோ தரையில் கூடு கட்டி ஒற்றை முட்டை இடும் பறவை. முட்டை தின்னும் பாலூட்டியையே அதன் இனம் கண்டதில்லை. கடைசியாக உயிரோடு பார்த்ததாகப் பலரும் ஏற்கும் ஆண்டு 1662. டச்சுக்காரர்கள் வந்து இறங்கி 64 ஆண்டுதான்.

மரத்தின் பெயர் தம்பலகோக். 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற ஆய்வாளர், அந்த மரத்தில் 13 மட்டுமே மிச்சம், எல்லாம் 300 வயதைத் தாண்டியவை, டோடோ இல்லாததுதான் காரணம் என்று எழுதினார். கதை அழகாக இருந்ததால் பாடப்புத்தகம் வரை போய்விட்டது. பின்னால் தேடியபோது அதைவிட இளைய மரங்கள், நூற்றுக்கணக்கில் கிடைத்தன. மரம் குறைந்ததற்குக் காரணங்கள் வேறு. குரங்கு காயைப் பறித்து வீணாக்குவது அதில் ஒன்று.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. டோடோ புறாக் குடும்பம். மரபணுவைச் சோதித்தபோது, உயிரோடிருக்கும் நெருங்கிய உறவாக வந்தது நிக்கோபார் புறா. நம் நிக்கோபாரில் பறக்கிறதே, அதேதான்.

இனி தென்கடலின் கேள்விக்கு வருகிறேன், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டோடோவின் எலும்புகள் பெருமளவில் முதலில் கிடைத்தது 1865இல், மொரிஷியஸின் தென்கிழக்கில் உள்ள மார் ஓ சோஞ் என்ற சதுப்பில். பெயர் எடுத்தவர் ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர். ஏறக்குறைய 30 ஆண்டுகளாக அவர் டோடோ எலும்பைத் தேடிக்கொண்டிருந்தார். எப்படிக் கிடைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார்: சில கூலியாட்களை மூன்றடி ஆழத் தண்ணீரில் இறக்கிவிட்டார். அவர்கள் வெறுங்காலால் சேற்றைத் துழாவித் துழாவி எலும்பைக் கண்டுபிடித்தார்கள். அந்த எலும்புகள்தான் லண்டனில் ரிச்சர்ட் ஓவன் என்ற உடற்கூறியல் அறிஞரின் கைக்குப் போய், உலகத்துக்கு டோடோவின் எலும்புக்கூட்டைக் காட்டின.

அந்தக் கால்களுக்கு உரியவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

பசால்ட்:

மரகதப்புறா சொன்னதில் ஒரு சேர்க்கை. ஹிக்கின்சன் என்ற ரயில்வே பொறியாளர், அந்தச் சதுப்பில் ஆட்கள் கரிமண் வெட்டும்போது எலும்புகளைத் தனியாக ஒதுக்கிக் குவித்து வைத்ததைத் தான் பார்த்ததாகவும், கிளார்க்குக்குச் சொன்னதே தான்தான் என்றும் பின்னாளில் எழுதினார். கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்பதில் இருவர் பக்கமும் பேச ஆள் உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும் முதலில் எலும்பைத் தொட்டது வேலையாட்கள்தான்.

காரைக்கால்காரன்:

ரெயூனியனில் இரண்டு ஆண்டு குடியிருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மொரிஷியஸில் எரிமலை அடங்கிவிட்டது. ரெயூனியனில் அது பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். பெயருக்கு 'உலைச் சிகரம்' என்று பொருள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து 150 தடவைக்கு மேல் பொங்கியிருக்கிறது. பெரும்பாலும் ஆளில்லாத லாடவடிவப் பள்ளத்துக்குள்ளேயே லாவா ஓடிக் கடலில் இறங்கிவிடும். பொங்குகிறது என்று செய்தி வந்ததும் ஊரே வண்டியெடுத்துக்கொண்டு பார்க்கப் போகும். நானும் ஒரு முறை இரவில் போனேன். சத்தம்தான் மறக்கவில்லை. கண்ணாடித் துண்டுகளை யாரோ கூட்டி அள்ளுவது போல இருந்தது.

1977இல் பள்ளத்துக்கு வெளியே பிளந்து, லாவா பித்தோன் சேந்த் ரோஸ் என்ற ஊருக்குள் வந்தது. வீடுகள் போயின. தேவாலயத்தின் வாசல்படி வரை வந்த லாவா இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது. இன்றும் கறுப்புப் பாறை சுவரை ஒட்டியே நிற்கிறது. அதற்கு இப்போது லாவா மாதா கோயில் என்றே பெயர். 2007 ஏப்ரலில் உச்சியிலிருந்த பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கி விழுந்தது, கடற்கரைச் சாலையை லாவா பல மீட்டர் கனத்துக்கு மூடியது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது அணைந்துபோன மற்ற எரிமலை, பித்தோன் தே நேழ். 3,070 மீட்டர், இந்தியப் பெருங்கடலிலேயே உயரமான சிகரம். அதன் உடல் இடிந்தும், மழை அரித்தும் மூன்று பெரும் பள்ளத்தாக்குகள் உண்டாகியிருக்கின்றன: சிலாவோஸ், சலாசி, மஃபாத். மழை என்றால் சாதாரண மழை அல்ல. 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது இந்தத் தீவின் மலையில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. கொட்டியது. உலக அளவில் அதுதான் உச்சம்.

தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஓடி ஒளிந்தது இந்தப் பள்ளத்தாக்குகளில்தான். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்கள். மஃபாத் என்பதே அப்படித் தப்பியவர்களின் தலைவர் ஒருவரின் பெயர். இன்று வரை மஃபாத்துக்குச் சாலை கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். எரிமலை இடிந்து போட்ட செங்குத்துச் சுவர்தான் அவர்களைக் காப்பாற்றியது. மொரிஷியஸில் லெ மோர்ன் என்ற 556 மீட்டர் பாறை மலைக்கும் இதே வரலாறு உண்டு. 2008இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள்.

1848 டிசம்பர் 20இல் ரெயூனியனில் அடிமைமுறை ஒழிந்தது. சுமார் 62,000 பேர் விடுதலையானார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் எங்கள் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆள் ஏற்றினார்கள். அங்கே தமிழ் வம்சாவளியினருக்கு 'மலபார்' என்று பெயர். மொழி போய்விட்டது, தீமிதி இருக்கிறது. மாரியம்மனை 'மாலியேமே' என்பார்கள். சந்தையில் ஒரு பாட்டி 'ப்ரேத் முரூம்' என்று விற்றுக்கொண்டிருந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தால் முருங்கைக்கீரை! அந்த ஒரு சொல்லைக் கேட்டு அங்கேயே கண் கலங்கிவிட்டேன்.

செம்மண்:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் தென்கடல் அண்ணா, உங்கள் கேள்வியில் எனக்கு ஒரு நெருடல். டோடோ கதையையும் கூலிகள் கதையையும் சேர்த்தால், 'காட்டை அழித்தவர்கள் நம் ஆட்கள்' என்று கடைசியில் வந்து நிற்காதா? எங்கள் குடும்பத்திலும் மோரீசுக்குப் போனவர் உண்டு. பசிக்குப் போனவர். அவர் தலையில் இந்தப் பழியையும் ஏற்ற எனக்கு மனமில்லை.

தென்கடல்:

செம்மண் தம்பி, கேட்டது நல்லது. என் மனதில் இருந்ததைச் சரியாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். டோடோ போனது 1660களில், முதல் தொழிலாளர் கப்பலுக்கு 170 ஆண்டுக்கு முன். டச்சுக்காரர்கள் கடற்கரையோரக் கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்தார்கள், ஜாவாவிலிருந்து மானும் கரும்பும் கொண்டுவந்தார்கள், 1710இல் விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள். 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, போர்ட் லூயியைத் துறைமுகமாக்கினார். அதைக் கட்ட அடிமைகளோடு புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்களும் உழைத்தார்கள். அதாவது நம் ஆட்கள் அங்கே போனது கரும்புக்காக அல்ல, முதலில் கல் வேலைக்கும் மர வேலைக்கும்.

1769இலேயே அங்கே காட்டைக் காக்கச் சட்டம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பியேர் புவாவ்ர் என்ற நிர்வாகி, நிலம் பெற்ற ஒவ்வொருவரும் கால் பங்கைக் காடாகவே விட வேண்டும் என்று விதித்தார். காடு போனால் மழை போகும் என்று நம்பியவர். அந்தச் சட்டத்தை மீறியவர்கள் நில உரிமையாளர்கள், கூலிகள் அல்ல.

1810இல் பிரிட்டன் தீவைப் பிடித்தது. காட்டுக்கு நிஜமான அடி விழுந்தது 1825இல். அந்த ஆண்டு மொரிஷியஸ் சர்க்கரைக்கு இறக்குமதி வரியை மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்குச் சமமாகக் குறைத்தது லண்டன். வரி ஒரு கோட்டில் மாறியது, தீவில் காடு ஏக்கர் ஏக்கராகக் கரும்பானது. 1835இல் அடிமைமுறை ஒழிந்தபோது நட்ட ஈடாக 20 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள், உரிமையாளர்களுக்கு. விடுதலையான சுமார் 66,000 பேருக்கு ஒன்றுமில்லை. அந்தப் பணத்தோடுதான் இந்தியாவிலிருந்து ஆள் பிடிக்கும் வேலை சூடுபிடித்தது. 1834இல் 'அட்லஸ்' கப்பலில் 36 பேர். அதிலிருந்து 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் போர்ட் லூயியில் இறங்கினார்கள். ஆப்பிரவாசி காட் என்ற இடத்தில் அவர்கள் ஏறிய 16 கல் படிகள் இன்றும் இருக்கின்றன. அந்தப் படிகளும் பசால்ட், அதாவது அதே எரிமலைக் கல்தான்.

நான் சேர்த்துப் பேசச் சொன்னது இதற்காகத்தான். காட்டை வெட்டச் சொன்னதும் ஆளைக் கப்பலேற்றியதும் ஒரே கணக்குப் புத்தகம். கல்லைப் பொறுக்கிக் கைத்தோல் உரிந்தவருக்கு அந்தக் கணக்கில் பங்கு எதுவும் எழுதப்படவில்லை. 1866 முதல் 1868 வரை மலேரியா வந்து தீவில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். கொசுவுக்கு வசதியாகக் காடு போய் நீர் தேங்கியிருந்தது. செத்தவர்களில் பெரும்பகுதி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மரகதப்புறா:

மலேரியா என்றதும் நினைவு வந்தது. பின்னாளில் கொசுவை ஒழிக்க மார் ஓ சோஞ் சதுப்பையே பெரிய கற்களைக் கொட்டி மூடிவிட்டார்கள். டோடோ எலும்பு பல பத்தாண்டு அந்தக் கல்லுக்கடியில் கிடந்தது. 2005க்குப் பிறகுதான் மறுபடி தோண்டினார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் ஒரு கடும் வறட்சியில் தண்ணீர் தேடி வந்து செத்த டோடோக்களும் ராட்சத ஆமைகளும் அதில் குவிந்திருக்கின்றன.

வானம்பாடி:

ரோட்ரிக்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பசால்ட்:

சின்னத் தீவு, மொரிஷியஸிலிருந்து சுமார் 600 கி.மீ. கிழக்கே. 1691இல் பிரான்ஸிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பிய பிரான்சுவா லெகாவும் சில தோழர்களும் அங்கே இரண்டு ஆண்டு தனியாக வாழ்ந்தார்கள். ஆமைகள் மந்தை மந்தையாக, முதுகின் மேல் கால் வைத்தே நெடுந்தூரம் நடக்கும் அளவுக்கு இருந்ததாக லெகா எழுதினார். சாலிட்டேர் என்ற பறக்காத பறவையின் நடத்தையை நேரில் பார்த்து எழுதியவரும் அவர்தான். நூறு ஆண்டுக்குள் இரண்டும் துடைத்தெடுத்த மாதிரி ஆகிவிட்டன. ஆமைகளைக் கப்பல் கப்பலாக இறைச்சிக்கு ஏற்றினார்கள்.

அங்கே ஒரு காட்டுக் காப்பிச் செடி அழிந்தே போனது என்று நினைத்திருந்தார்கள். 1980 வாக்கில் ஒரு பள்ளி மாணவன், ஆசிரியர் காட்டிய பழைய படத்தைப் பார்த்து, வழியோரம் அதே செடி நிற்கிறது என்று கிளையோடு வந்து நின்றான். உலகத்திலேயே ஒரே ஒரு செடி. துண்டுகளை லண்டனின் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பூத்தது, காய்க்கவில்லை. 2003இல்தான் அங்கே விதை எடுக்க முடிந்தது.

வானம்பாடி:

அப்படியானால் எல்லாம் போனதுதானா, எதுவும் திரும்பவில்லையா?

மரகதப்புறா:

திரும்பியிருக்கிறது. மொரிஷியஸ் வல்லூறு 1974இல் காட்டில் தெரிந்தவரை நான்கே நான்கு. இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் பத்து. எக்கோ கிளியும் ஒரு டஜன் அளவுக்கு இறங்கியது. கார்ல் ஜோன்ஸ் என்ற உயிரினப் பாதுகாப்பாளரும் கூட இருந்தவர்களும், வல்லூறின் முதல் முட்டைகளை எடுத்துத் தனியே பொரிக்க வைத்து, பறவை மறுபடி முட்டையிட விட்டு, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்தார்கள். இன்று மூன்று இனமும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மொரிஷியஸை அடுத்த ரவுண்ட் தீவில் 1979இல் ஆடுகளையும் 1986இல் முயல்களையும் முழுவதும் அகற்றியபின் பனையும் பல்லியும் மீண்டன.

எனக்கு மிகவும் பிடித்தது இல் ஓ எய்க்ரெத். 26 ஹெக்டேர் பவளத் திட்டு. உள்ளூர் ஆமை இனம் அழிந்துவிட்டதால் அல்டாப்ரா என்ற வேறொரு இந்தியப் பெருங்கடல் தீவிலிருந்து ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை கருங்காலிப் பழத்தைத் தின்று, விதையைத் தாய் மரத்திலிருந்து தள்ளிப் போட்டு, கன்றுகள் முளைக்கின்றன. டச்சுக்காரர்கள் வெட்டிய அதே கருங்காலிக் குடும்பம். 2020இல் 'வகாஷியோ' கப்பல் தரைதட்டி எண்ணெய் கசிந்தபோது அந்தத் திட்டு பக்கத்தில்தான் இருந்தது. மக்கள் தாங்களாகவே கரும்புத் தோகையைத் துணிக்குழாய்களில் திணித்து, கடலில் மிதக்கவிட்டு எண்ணெயைத் தடுத்தார்கள்.

செம்மண்:

தென்கடல் அண்ணா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். நெருடல் தீர்ந்தது. நன்றி.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன்தான் போனவர். பெயர் ராமசாமி. அவர் திரும்பவில்லை. போன புதிதில் எழுத்தறிந்த யாரையோ வைத்துப் போட்ட கடிதத்தில், 'இங்கே விளைவது எல்லாம் கல்லு, நாங்கள் அறுப்பது அதைத்தான்' என்று இருந்ததாகப் பாட்டி சொல்வார். கடிதம் இப்போது இல்லை. நான் அதை விளையாட்டுப் பேச்சு என்றே நினைத்திருந்தேன். அவரைப் பற்றி ஏதாவது பதிவு கிடைக்குமா?

காரைக்கால்காரன்:

கிடைக்க வாய்ப்பு இருக்கிறது தம்பி. மொரிஷியஸில் மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. இந்தியக் குடியேற்றப் பதிவேடுகள் அங்கேதான். வந்தவரின் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், கப்பல், உயரம், உடல் அடையாளம் எல்லாம் எழுதியிருப்பார்கள். 1860களுக்குப் பிறகு என்றால் புகைப்படமே இருக்கலாம். தந்தை பெயரையும் ஊரையும் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள், ராமசாமிகள் ஏராளம். எழுத்தர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார், அதனால் ஒரே எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். ராம்சாமி, ராமசௌமி, ரமாசமி, மூன்றையும் தேடச் சொல்லுங்கள்.

செம்மண்:

தந்தை பெயர் வீரப்பன். ஊர்ப் பெயரைப் பாட்டியிடம் இன்று இரவு கேட்டுவிடுகிறேன்.